துறைமுகம் மூடிய இரவு

காற்று எல்லை மீறினால்
புந்தா அரேனாஸில் துறைமுகத்தை மூடிவிடுவார்கள்.
அன்று நான் நீரிணையின் அந்தக் கரையில்,
போர்வெனீரில், படகோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தேன்.
இந்தக் கரையில் இரண்டு பிள்ளைகள்,
தூங்குமுன் அணைக்க வேண்டிய ஒரு கேஸ் கணப்பு.

தொலைபேசியில் மாய்லென் சொன்னாள்:
"சாப்பிட்டாச்சு. பல் தேய்ச்சாச்சு.
கணப்பை அணைச்சு ரெண்டு தடவை பார்த்தாச்சு.
நீ கவலைப்படாம தூங்கு."
பதினோரு வயது.
அந்தக் கடைசி வாக்கியம்
அவள் அம்மாவினுடையது,
ஏற்ற இறக்கம் உட்பட.

சென்ற மார்ச்சில் அவள்
அந்தோஃபகாஸ்தா போனாள், சுரங்கத்து வேலைக்கு.
முதலில் இருபது நாளுக்கு ஒருமுறை வந்தாள்.
பிறகு பணம் மட்டும் வந்தது.
பிறகு பிறந்தநாளுக்குக் குரல் வந்தது.
யார் மேல் தப்பு என்று கேட்கிறவர்களுக்கு
இந்த ஊர்க் காற்றைக் காட்டுவேன்.
எந்தப் பக்கமிருந்து வந்தாலும்
அது கதவைத்தான் அடிக்கிறது.

விடிந்து வீடு திரும்பினேன்.
சின்னவன் ரெனாத்தோ போர்வைக்குள்.
இவள் நாற்காலியில், ஷூகூடக் கழற்றாமல்,
கழுத்தில் ஷூ கயிற்றில் கோத்த சாவியோடு.
ஃபிரிட்ஜ் மேல் அவள் கையெழுத்தில் சீட்டு:
பால் தீர்ந்தது. தம்பி இருமுகிறான்.
அப்பாவிடம் சொல்ல வேண்டாம், அப்பாவுக்கு வேலை இருக்கிறது.

மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்,
அபராத ரசீதைப் போல.

அந்த வாரமே படகை விட்டு
டிக்கெட் கூண்டுக்கு மாறினேன்.
சம்பளத்தில் கால்வாசி போனது.
இறைச்சி, ஞாயிறு மட்டும்.
எதிர்வீட்டு மிலென்காவிடம் ஒரு சாவி கொடுத்துவிட்டு
"உன்னோடதைக் கொடு" என்றேன் இவளிடம்.
கொடுக்கவில்லை.
மூன்று நாள் பேச்சு இல்லை.
நான் வைத்த பருப்பில் உப்பு போதாது என்று
தம்பியிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி.
போதவில்லைதான்.

நேற்று மாலை
கடைசி ரொட்டிக்கு இருவருக்கும் சண்டை.
"அவன் சின்னவன், விட்டுக்கொடு" என்று
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
அவள் பிடுங்கினாள். அவன் கடித்தான்.
தரையில் உட்கார்ந்து
மூக்கு ஒழுகக் காலை உதைத்து
"அப்பா, இவனைப் பாருப்பா" என்று
ஊர் கேட்க அழுதாள்.

இத்தனை மாதத்தில்
என்னிடம் வந்த முதல் புகார்.

நசுங்கிக் கிடந்த ரொட்டியைக்
குனிந்து எடுத்து இரண்டாகப் பிய்த்தேன்.
சமமாக வரவில்லை.
யாருக்குப் பெரியது என்று
மறுபடி தொடங்கியது.

சாவியை எங்கே வைத்தாளோ,
கழுத்தில் இல்லை.
பார்த்தேன்.
கேட்கவில்லை.