சாயமேறாத துணி

அஞ்செட்டிக்கு மேற்கே, ஜீப் ஏறாத கரட்டின் மேல்
நாற்பத்தோரு நாள் ஒரு நாடு இருந்தது.
அதற்கு நான்தான் தலைமைச் செயலகம்:
எட்டாவது பாஸான ஒரே ஆள்,
அரைக்குயர் நோட்டு,
மூடி தொலைந்த மைப்புட்டி.

அணைத் தண்ணீர் எங்கள் வயலை மூடியபோது
ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து
மலைக்கு அனுப்பிவைத்தார்கள்.
கல் பொறுக்கினோம், பொறுக்கிய கல்லே வரப்பானது.
முதல் கேழ்வரகை யானை தின்றது.
இரண்டாவதை மழை.
மூன்றாவதைக் களத்தில் கொட்டிய அன்று
இரண்டு பக்கமிருந்தும் ஆள் வந்தார்கள்.

கிழக்கிலிருந்து வந்தவர் கிஸ்தி என்றார்.
மேற்கிலிருந்து வந்தவர் கந்தாயம் என்றார்.
பள்ளிக்கூடம் கேட்டால் மட்டும்
இவர் அது அவர் ஊர் என்பார்,
அவர் இது இவர் ஊர் என்பார்.
கெம்பம்மாவின் பையன் காய்ச்சலில் கிடந்த இரவு
இரண்டு ஆஸ்பத்திரியும்
எல்லைக்கு அந்தப் பக்கமே இருந்தன.

பதினோராம் நாள்
தலைக்குளித்த ஈரத்தோடு வந்து
அவள்தான் சொன்னாள்:
"ரெண்டு பேருக்கும் வேணாம்னா
நமக்கு நாமே இருந்துக்கலாம்."
எழுதிக்கொண்டேன்.
எங்கள் அரசியல் சட்டம் அந்த ஒரு வரிதான்.

வண்டித்தடத்தில் மூங்கிலைக் குறுக்கே கட்டினோம்.
திம்மராயன் காவல்.
கையில் யானைக்குத் தட்டும் தகர டப்பா.
கிஸ்திக்கு வந்தவரிடம் அனுமதிச் சீட்டு கேட்டான்.
கந்தாயத்துக்கு வந்தவரிடமும் கேட்டான்.
இருவரும் ஒரே புளியமரத்தடியில்
பீடி பற்றவைத்து இறங்கிப் போனார்கள்.
அதுவரை அவர்கள் பேசிக்கொண்டதே இல்லையாம்.

கொடிக்குத்தான் எட்டு நாள் சண்டை.
பத்தொன்பது வீடு தெலுங்கு, பதினேழு கன்னடம்,
மிச்சம் நாங்கள்.
எந்த எழுத்தில் பேர் எழுதுவது?
சிவப்பு ஒரு கட்சி, மஞ்சள் ஒரு சாமி,
பச்சைச் சாயத்துக்கு ஓசூர் சந்தைக்குப் போக வேண்டும்,
போனால் பிடித்துவைப்பார்கள்.
கடைசியில் எழுத்தும் இல்லை, சாயமும் இல்லை,
நாலு முழம் காடாத்துணியை ஏற்றிவிட்டுப்
படுக்கப் போனோம்.

முப்பதாம் நாளோ என்னவோ,
மேட்டுக் காட்டிலிருந்து
முதுகில் கிழங்குக் கூடையோடு வந்த இருளர் மசணியை
மூங்கில் மறித்தது.
"எந்த ஊர்?" என்றான் திம்மராயன்.
அவள் அவனைப் பார்க்கவில்லை,
மூங்கிலைத் தடவிப் பார்த்தாள்.
"இந்தப் புதரு எங்கப்பன் காவக்காத்தது.
யாரைக் கேட்டு வெட்டினீங்க?"
திம்மராயன் தூக்கிப் பிடித்தான்.
கூடை இடிக்காமல் குனிந்து போனாள்.
நோட்டில் பதிலுக்கு ஒரு வரி விட்டேன்.
இரவு முழுக்க யோசித்தும் வரவில்லை.

நாற்பத்தோராம் நாள்
தாசில்தார் போலீஸ் இல்லாமல் நடந்தே வந்தார்,
வேர்த்து, சிரித்துக்கொண்டு.
அடிவாரத்தில் நின்று பைனாகுலரில் பார்த்தாராம்.
வெள்ளைக் கொடி.
"புத்திசாலிகள்யா நீங்க, சண்டையில்லாம முடிச்சிட்டீங்க."

எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.
கெம்பம்மா மட்டும் எழுந்து போய்
களி கிண்டினாள்.
அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றி
இரண்டு உருண்டை தின்றார்.
கையைக் கழுவிக்கொண்டு அவர் குறிப்பில் எழுதினார்:
குடிகள் சரணடைந்தனர்.
என் நோட்டில் நான் எழுதினேன்:
முதல் வெளிநாட்டு விருந்தாளி. இரண்டு உருண்டை.

பள்ளிக்கூடம் வந்தது, ஆறு வருஷம் கழித்து.
வாத்தியார் வந்தது அதற்கப்புறம்.
அந்த வருஷத்துக் கிஸ்தி ரசீதைத்
தொலையக்கூடாதென்று
மசணிக்கு விட்டிருந்த வரியின் மேல்தான்
கூழ் தடவி ஒட்டினேன்.

போன மழையில் பூச்சி கூழைத் தின்றுவிட்டது.
ரசீது கழன்று விழுந்தது.
அடியில் அந்த வரி
அப்படியே இருக்கிறது, காலியாக.