உருப்படி ஏழு

காலை பத்து. குளிர்சாதனம் முழுவேகம்.
புக்கிட் ரெங்காஸ் சரிவில் நாற்பத்தொரு ஏக்கரை
நகர எல்லைக்குள் சேர்ப்பது, வீடு கட்டுவது.
"சொந்த நலன் உள்ளவர்கள் இப்போதே அறிவிக்கலாம்"
என்றார் தலைவர்.
யாரும் வாய் திறக்கவில்லை,
கறிபாப் மென்ற ஒருவரைத் தவிர.
எழுதினேன்: எவருக்கும் இல்லை.

குறிப்பெடுப்பவளிடம் கேட்கும் வழக்கமில்லை.

திரையில் வரைபடம் விழுந்தது.
மலை பச்சையாக இருக்கும் என்று நினைத்தேன்.
மஞ்சள். கட்டலாம் என்பதற்கு மஞ்சளாம்.
சமவுயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி
பெருவிரல் ரேகை போல.
யார் விரல் என்று இணைப்பில் இல்லை.

சரிவுப் பொறியாளர் புவான் நோர்ஹயாத்தி
மலாயில் சொன்னார்; எனக்குள் தமிழில் விழுந்தது:
இருபத்தெட்டு பாகை சாய்வு.
துளையிட்ட பதினோரு இடங்களில்
ஒன்பதில் இளகிய மண்.
ஆயிரத்து நானூறு வீடுகள் கேட்கிறார்கள்,
எழுபத்தாறு மீட்டர் கோட்டுக்கு மேல் போகாவிட்டால்
தொள்ளாயிரம்.
"மேலே கட்டவே முடியாதா?" என்றார் ஜெகதீஸ்வரன்.
"கட்டலாம். மழையிடம் கேட்டுவிட்டு."
சிரித்தார்கள்.
சிரிப்பைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

பிறகு பொதுமக்கள், ஆளுக்கு மூன்று நிமிடம்.
கோ செங் லியான் மலையில் டுரியானும் சாதிக்காயும் வைத்திருப்பவர்,
ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் உரிமத்தில்.
மைலோ டின் ஒன்றைத் திறந்து
சிவப்பு மண்ணை மேசையில் கவிழ்த்தார்.
பேசவில்லை. புட்டித் தண்ணீரை ஊற்றினார்.
மண் சற்று யோசித்தது,
பின் எங்கள் தாள்களை நோக்கி நடந்தது.
காவலர் துணியோடு ஓடிவந்தார்.
அவருடைய நேரத்தில் ஒன்றே கால் நிமிடம் மிச்சம்.

அடுத்து தவமலர். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி,
பதினாறாவது மாடி, ஓரறை, ஆறு பேர்.
"மண்ணு ஓடும்னு காட்டிட்டாரு. சரி.
நாங்க எங்க ஓடறது?
எம் மக படிக்கறது மாடிப்படியில.
லிப்ட் நின்னா படியெல்லாம் ஆளு.
எந்திரிச்சி எந்திரிச்சி வழிவிட்டே
வரலாறு முழுசும் படிச்சி முடிச்சா.
அந்த மலையில பங்களா இருக்குதானே?
அவங்களுக்கு எறங்காத மண்ணு
எங்களுக்கு மட்டும் ஏன் எறங்குது?"

மூன்று நிமிடம் தாண்டியும் மணி அடிக்கவில்லை.
நோர்ஹயாத்தி தாள்களைப் புரட்டினார்,
முன்னே, பின்னே, மறுபடி முன்னே.

வீட்டுப் பட்டியலில் என் எண்
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஓரத்தில் பென்சிலால் கழித்துப் பார்த்தேன்.
கோட்டுக்கு மேல்தான் நான் வருகிறேன்,
இளகிய மண்ணில்,
என் மகனின் புத்தக அலமாரி, அரிசிப் பானை,
இன்னும் வாங்காத கட்டில் எல்லாமே அங்கேதான்.
அழித்தேன். அழித்த இடம் சொரசொரத்தது.
அப்போது எனக்கு நோர்ஹயாத்தி மேல் வந்த கோபம்,
சத்தியமாக, அவர் பொய் சொன்னதால் அல்ல.

"அடுத்த மாதம் மலைக்கே போய்ப் பார்ப்போம்,
மழை பெய்யாவிட்டால்" என்றார் தலைவர்.
எழுதினேன்: நேரடிப் பார்வை. ஒத்திவைக்கப்பட்டது.
மழையை விட்டுவிட்டேன்.
வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.
எவருக்கும் இல்லை என்ற வரியில்
தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டினேன்.

எல்லோரும் போனபின்
மேசை இடுக்கில் சிவப்பு தெரிந்தது.
துடைத்தேன். கசிந்தது. துடைத்தேன்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தால்
மலைப்பக்கம் முழுக்க மேகம்.
எழுபத்தாறு மீட்டர் எங்கே வரும் என்று
ஒரு கண்ணை மூடி விரலை உயர்த்தினேன்.
நகத்துக்குள் மண்.
இருநூற்று மூன்று வந்தது, கூட்டம் நெரிசல்,
அந்தக் கையாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.