வளர்ச்சி வீதம்: பூஜ்ஜியம்

உப்பனாற்றுச் சேறு, ஒரு குப்பி.
ஆலைக் குழாய்க்குக் கீழே முழங்கால் வரை இறங்கி
அள்ளிக் கொடுத்தவர் தேசிங்கு.
"இதுலயா உசுரு இருக்குங்கிறீங்க?"
காலில் ஒட்டியதை டீசல் விட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

இருந்தது.
நாற்பத்தெட்டு லட்சம் எழுத்து.
துண்டு துண்டாய் வந்ததைக் கணினி ஒட்டித் தந்தது,
பதினேழு இடத்தில் ஓட்டையோடு.

மரபணுவைப் பார்த்து வினை எழுதினேன்,
வினையைப் பார்த்துச் சமன்பாடு.
ஆயிரத்துச் சொச்சம் வரி.
மஞ்சக்குப்பத்தில் மின்சாரம்
ரெண்டு தடவை போய் வந்த ராத்திரி
ஓட்டிப் பார்த்தேன்.

பூஜ்ஜியம்.

கந்தகம் உள்ளே வருகிறது,
வெளியேற வழி இல்லை.
எங்கோ ஒரு நொதி குறைகிறது.
என் கணக்குப்படி இந்த உயிர்
பிறந்திருக்கவே முடியாது.

பக்கத்து அறையில்
குலுக்கி மேல் ஆடிக்கொண்டிருக்கும் குடுவை
நேற்றைவிடக் கலங்கியிருக்கிறது.

குறையை நிரப்ப நிரல் உண்டு.
தூரத்துச் சொந்தக்காரப் பாக்டீரியா எதனிடமாவது
ஒரு வினையைக் கைமாற்று வாங்கிச் செருகிவிடும்.
கோடு மேலே ஏறும்,
கட்டுரையும் ஏறும்.
விரல் பொத்தான் வரை போனது.

விடிந்ததும் போன் போட்டேன்.
இன்னும் கொஞ்சம் சேறு வேண்டும், அண்ணே.
"ஏன், செத்துப்போச்சா?"
இல்ல. கணக்குலதான் செத்துக் கெடக்கு.

"எங்க தெருவைக்கூட
ஆளில்லாத இடம்னு எழுதிட்டுப் போனான் ஒருத்தன்.
எழுதும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்."

இருமினார். கொஞ்ச நேரம் இருமினார்.
பிறகு,
எத்தனை குப்பி என்றார்.