பிரிபடாத பாகம்

பத்திரம் சொல்கிறபடி
முதல் மாடியில் தெற்குப் பார்த்த இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு
எனக்குப் பாத்தியம்.
அதன் கூரை பௌஜியாவின் தரை.
என் தரை தேவசகாயத்தின் கூரை.
மண்ணில் மட்டும்
நூற்றெண்பத்தேழு சதுர அடி
பிரிபடாத பாகம்:
இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத இடம்.

செவ்வாய்ப்பேட்டையில், லீ பஜாருக்குப் பின்னால்,
ஐந்து குடித்தனம், ஒரே கக்கூஸ் என்றிருந்த வீடு.
சந்தில் மிளகாய் மூட்டை இறங்கும் நாளில்
மூன்று மாடியும் சேர்ந்து தும்மும்.
இருபத்திரண்டு வருஷம்
வாளியோடு வரிசையில் நின்றவள் நான்.
அதெல்லாம் ஒரு காலம் என்று யாராவது பெருமூச்சு விட்டால்
கையில் வாளியைக் கொடுப்பேன்.

விற்கப்போகிறேன் என்று பெங்களூரிலிருந்து
வீட்டுக்காரர் மகன் போன் செய்தான்.
நாங்களே வாங்கினோம்.
நகை, சீட்டு, சொசைட்டிக் கடன்.
மஞ்சுளாதேவி ஜவ்வரிசி ஆலையில்
பதினேழு வருஷ பி.எஃப்.பை வழித்தெடுத்து வந்தாள்.

இடித்துக் கட்டும்போதும் ஒருவரும் காலி செய்யவில்லை.
வேலை வரும் அறையிலிருந்து
வேலை முடிந்த அறைக்கு
பாத்திரம் நகர்ந்துகொண்டே இருந்தது, பதினோரு மாதம்.
தை மாதம் சந்திரகாசனின் கட்டில் என் அடுப்புக்கு எதிரே.
பங்குனியில் என் கிரைண்டர்
தேவசகாயத்தின் மாதா படத்துக்குக் கீழே.

சுவரைச் சுரண்டினால் பச்சை,
அதற்குள் நீலம், அதற்குள் காவி,
கடைசியில்
உரித்த முட்டைபோல் ஒரு வெள்ளை.
மேஸ்திரி சித்தேஸ்வரன் உள்ளங்கையை அதில் வைத்து
வெகுநேரம் எடுக்கவில்லை.
"இதை மட்டும் மூடச் சொல்லாதீங்க."
மாடிப்படித் திருப்பத்தில் ஒரு கதவளவு
பெயின்ட் பூசாமல் விட்டிருக்கிறோம்.

கழிவுத் தொட்டிக்குத் தோண்டும்போது
கடப்பாரையின் சத்தம் மாறியது.
கற்பலகை. அதன் கீழே கிணறு.
வரைபடத்தில் இல்லை, மூலப்பத்திரத்தில் இல்லை,
தண்ணீர் மட்டும் இருந்தது.
வாயில் வைத்தால் உப்பு.
சேறு வாரிய ஆள்
கயிற்றில் ஒரு பித்தளைச் சொம்பைக் கட்டி அனுப்பினான்.
கழுத்தில் புள்ளி புள்ளியாய்க் கொத்திய எழுத்து:
கு.வெ.

எங்களுடையது இல்லை என்று
ஐந்து வீடும் ஒரே வாயாகச் சொன்னது
அன்றைக்குத்தான்.
குப்புசாமி, வெங்கடாசலம் மகன் என்றார் சந்திரகாசன்.
பொம்பளைப் பேராத்தான் இருக்கும் என்றாள் மஞ்சுளாதேவி,
சொம்புக்குச் சண்டை போட்டுப் பேர் வெட்டியிருப்பாள்.
பௌஜியாவின் பையன் சொன்னான்:
"குளிக்க வெந்நீர்."

தொட்டி வேறு மூலைக்குப் போனது.
கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டோம்.
துணி அலச, படி கழுவ
அந்த உப்புத் தண்ணீர்தான்.

இப்போது தனித்தனிக் குழாய், தனித்தனிக் கதவு.
சில ராத்திரி
என் கழிப்பறை விளக்கைப் போட்டுக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.
யாரும் தட்டுவதில்லை.
அது எவ்வளவு பெரிய சொத்து என்று
பத்திர எழுத்தருக்குத் தெரியாது.

வாசல் பலகையில் ஆறு மீட்டர்,
ஆறு சிவப்புப் பொட்டு மின்னுகிறது.
ஐந்துக்குப் பெயர் உண்டு.
ஆறாவது மாடிப்படி விளக்குக்கும் கிணற்று மோட்டாருக்கும்.
யார் பேர்ல என்று மின்வாரிய ஆள் கேட்டதற்குப்
பொது என்றோம்.
அவர் போனதும் பையன் சாக்பீஸால் அதன்மேல் எழுதினான்:
கு.வெ.

நேற்று கணக்குப் பார்த்தோம்.
பொது மீட்டருக்கு அறுநூற்று முப்பத்திரண்டு.
ஆளுக்கு நூற்றிருபத்தாறு போக
இரண்டு ரூபாய் யார் தலையிலும் விழவில்லை.
சந்திரகாசன்,
லாரி ஆபீஸில் முப்பது வருஷம் பேரேடு எழுதிய கை,
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.
பிறகு ஆறாவது வரி போட்டு
நிதானமாக எழுதினார்:
கு.வெ. பாக்கி, ரூ. 2.