போயிட்டு வரேன்

பேசாத பிள்ளைக்குத்தான் டாக்டர் என்றார்கள்.
என் மகளோ
பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு
எத்தனை வேகத்தடை என்று
பஸ் ஏறும்போதே ஆரம்பித்து
இறங்கிய பிறகும் சொல்லிக்கொண்டிருப்பாள்.
இருபத்து மூன்று. புலிக்கரையில் மட்டும் நான்கு.

வாய்க்காரி என்று தெருவே பேர் வைத்தது.
தக்காளி மண்டியில் கிரேட் எண்ணுகிற அவள் அப்பா
என் மூளை அப்படியே என்று சிரிப்பார்.

டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார்:
எதிர்த்துப் பேசுகிறாள்.
போய் விசாரித்தேன்.
"ஒழுங்கா இருக்கியா, வெளியே போறியா?"
என்று கேட்டிருக்கிறார்.
இவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறாள்.
கேட்டதற்குப் பதில்தானே அது.

பெரிய ஆஸ்பத்திரியில்
முதல் நாள் காது பார்த்தார்கள்.
சத்தம் கேட்டால் கையைத் தூக்கணும்.
எல்லாவற்றுக்கும் தூக்கினாள்.
ஹெட்போனைக் கழற்றிய பிறகும்
எங்கோ லிஃப்ட் மணி அடிக்க, தூக்கினாள்.
ஜெசிந்தா மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் கேள்வி எனக்கு.
"உங்ககிட்ட ஏதாவது கேப்பாளா?
உங்களைப் பத்தி?"

லோடு இறங்குகிற மண்டி மாதிரி
மனசு முழுக்க அவள் சத்தம்.
அதற்குள் ஒரு கேள்வியைத் தேடினேன்.

எண்ணெய் தெறித்து நான் அலறிய அன்று
கையைப் பிடித்து
கொப்புளம் எண்ணினாள், மேடம்.
ஆறு என்றாள்.
அதைச் சேர்க்கலாமா?
"சேர்க்கலாம்" என்று அதையும் எழுதினார்.

அப்புறம் கெலமங்கலத்து மாமாவைச் சொன்னேன்.
வாசலில் செருப்பு மாட்டி
போயிட்டு வரேன் என்றார்.
அவர் குடித்த டம்ளரை மடியில் வைத்து
இரண்டு சாயங்காலம்
கேட்டருகே உட்கார்ந்திருந்தாள் இவள்.
நாங்கள் சிரித்தோம்.
நம் பேச்சில்தான்
போறேன் என்று யாரும் சொல்வதில்லையே.

மூன்றாம் நாள் படம் காட்டினார்கள்.
ஐஸ் கீழே விழுந்த ஒரு பையன்.
"என்ன ஆச்சு அவனுக்கு?"
"மஞ்சள் டவுசர்."

பென்சிலைத் தவறவிட்ட மாதிரி தவறவிட்டு
"ஐயோ, எங்கே போச்சு" என்று
மேசை முழுக்கத் தேடினார் மேடம்.
உருண்டதை இவள் பார்த்தாள்.
நின்றதையும் பார்த்தாள்.
பெஞ்சில் இருந்து நான்
கண்ணாலேயே அவளைப் பிடித்துத் தள்ளினேன்,
சொல்லுடி, சொல்லுடி.

பஸ்ஸில் சொன்னாள்:
"பீரோவுக்கு அடியில.
அவங்க என்னைக் கேக்கலையே."

கடைசி நாள் டாக்டர் கையெழுத்துப் போட்டார்.
சமூகத் தொடர்பாடல் என்று தொடங்கி
குறைபாடு என்று முடிந்தது ஒரு வரி.
வேடியப்பன் அந்தக் காகிதத்தை
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்,
விலை எங்கே எழுதியிருக்கிறது என்பது போல.
வீட்டில் தெலுங்கு, அதனாலயா என்றார்.
இல்லை என்றார்கள்.
மொபைலா?
அதுவும் இல்லை.
பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

எழுந்தோம்.
வழக்கம்போல என் வாயில் வந்துவிட்டது:
"போயிட்டு வரேன் மேடம்."

சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி
மகள் கேட்டாள்:
"எப்போ?"

ஜெசிந்தா டைரியைத் திறந்தார்.
"பதினாலு. புதன்கிழமை.
பதினொன்றரை மணிக்கு."
சரி என்று தலையாட்டினாள்.

திரும்பும்போது வேகத்தடை
இருபத்து நான்கு ஆகியிருந்தது.
எங்கேடி புதுசு என்று கேட்டேன்,
நிஜமாகவே தெரிந்துகொள்ள.