புள்ளி விழுந்த கட்டம்

புன்டா அரேனாஸ், ஜூன் மாதம்.
காலை ஒன்பதரை, இன்னும் விடியவில்லை.
தகரக் கூரையைக் காற்று பிடுங்கப் பார்க்கிறது.
டானிட்சா விரித்த அட்டவணையில்
நெடுக்கே உயிரினங்கள்,
குறுக்கே புரதக் குடும்பங்கள்.
இருந்தால் ஒன்று.
இல்லாவிட்டால் வெறும் புள்ளி.

குளோபின் என்பது பெருங்குடும்பம்.
ஈஸ்டில் ஒருத்தி, மண்புழுவில் ஒருத்தி,
அவரை வேரில் ஒருத்தி.
எந்தக் கலியாணத்தில் பிரிந்தார்கள் என்று
யாருக்கும் நினைவில்லை.
அதில் இரத்தத்துக்குள் வேலைக்குப் போன கிளையை மட்டும்
தனி வரியில் எழுதியிருக்கிறாள்.
தவளை ஒன்று. பென்குயின் ஒன்று. குவானாக்கோ ஒன்று.
மனிதர் என்ற பத்தியில்
அவளும் ஒன்று.

பனிமீனுக்கு வந்ததும் புள்ளி.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள்.
கணினியைக் குரோவாசிய மொழியில் திட்டினாள்,
அவள் வீட்டில் அந்த மொழியில் மிஞ்சியது வசவு மட்டும்தான்.
புள்ளி அசையவில்லை.

நம் எழுத்தில்
மெய்யின் தலையில் புள்ளி விழுந்தால்
உயிர் இல்லை என்று பொருள்.
இந்த மீனோ புள்ளியைச் சுமந்துகொண்டே
தெற்குக் கடலில் முட்டையிடுகிறது.

கீழே எலியாசார் நவெல்கின்
பெட்டியிலிருந்து பனியை வழித்துக்கொண்டிருந்தான்.
"வெட்டிக் காட்டு" என்றாள்.
செவுளுக்குக் கீழே கத்தி இறங்கியது.
வழிந்தது
அரிசியின் இரண்டாம் கழுவல்போல ஏதோ ஒன்று.
"சீக்கு மீன். நாங்கள் கடலிலேயே போட்டுவிடுவோம்."
"சீக்கு இல்லை. அவ்வளவு குளிரில்
பிராணவாயு தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும்.
சுமக்க ஆள் வேண்டாம்.
இதயத்தைப் பார், இந்த உடம்புக்கு எவ்வளவு பெரிது."
பார்க்கக் குனிந்தவனின் கட்டைவிரலை
முள் கிழித்தது.
பனிமேல் விழுந்த சிவப்பை
புதிதாய்க் கண்டவள்போல அவள் பார்த்தாள்.

ஒப்பீட்டுக்கு வளர்த்த அவரைத் தொட்டியில்
ஒரு செடியைப் பிடுங்கி
வேர்முடிச்சை நகத்தால் பிளந்தாள்.
உள்ளே இளஞ்சிவப்பு.
"அவரைக்கு இரத்தமா?"
"இரத்தம் இல்லை. உறவு."
விரலில் துணி சுற்றியபடி அவன் சிரித்தான்.
"சிலோயேயில் என் அம்மா போடும் சூப்பில்
மீனும் உண்டு அவரையும் உண்டு.
யார் யாருக்குச் சொந்தம் என்று
ஒருநாளும் கேட்டதில்லை."

மத்தியானம் மரபணுவைத் தோண்டினாள்.
பீட்டா சுத்தமாக இல்லை.
ஆல்பாவின் வால் மட்டும் கிடந்தது,
இடித்த வீட்டில் நிலைப்படியை மட்டும்
விட்டுவிட்டுப் போனதுபோல.
யாரும் நுழைவதில்லை, யாரும் வெளியே வருவதில்லை.
ஆனாலும் வாசல்.

அட்டவணை கேட்கிறது:
ஒன்றா, புள்ளியா?
பென்சிலை எடுத்தாள்.
வைத்தாள்.
வெளிச்சம் வந்து
போகவும் தொடங்கிவிட்டது.
அந்தக் கட்டத்தில்
எலியாசாரின் ஈர விரல்ரேகை,
பாதி.