இரண்டாயிரத்துக்குள் ஒரு கத்தி

ஆளுக்கு ஐந்நூறு, நாலு பேர்.
காசும்
பெரிசாய், பாரமாய், மலிவாய் என்ற மூன்று சொல்லும்
என் கைப்பையில்.
தையல் ஆலைக்கு லீவு விழுந்த சனிக்கிழமை,
புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்தில்
இரும்புக்கடை.

"எதுக்குப் பிள்ளை?"
"முகாமுக்கு."
நிறுத்துக்கொண்டிருந்த ஆணியைத்
தராசிலேயே விட்டார்.
"எந்த முகாம்?"

"அப்பிடியில்லை அண்ணை.
குளத்தடியிலை கூடாரம் அடிச்சு
ரெண்டு இரவு
சும்மா இருந்திட்டு வர."
"சும்மாவோ?"
"சும்மா."
"வீடு இருக்கத்தானே?"
"இருக்கு. கல்வீடு."
ஏதோ சொல்ல வாயெடுத்தவர்
கத்திகளை எடுத்து மேசையில் போட்டார்.

முதலாவது சீனத்தது. கறுப்பு உறை,
முதுகில் சுறாப்பல், பிடியின் அடியில் திசைகாட்டி.
நாலாயிரத்து எண்ணூறு.
வாசல்தான் வடக்கு என்றது முள்.
கொஞ்சம் நகர்த்தினேன்,
கல்லாப்பெட்டி வடக்கு என்றது.
பாவம், இத்தனை இரும்புக்கு நடுவில்
அதற்குத் தலை சுற்றியது.

இரண்டாவது மெலிசு, மலிவு.
நுனியைப் பிடித்து வளைத்துவிட்டேன்,
ஆமாம் ஆமாம் என்று ஆடியது.
புல்லுக்குச் சரி.
எதற்கும் தலையாட்டுகிற தகடு
விறகுக்கு ஆகாது.

மூன்றாவதை அவர் காட்டவில்லை.
மண்வெட்டிகளுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது.
லொறி வில்லுத்தகட்டில் அடித்த காட்டுக்கத்தி,
முழங்கை நீளம், நுனியில் ஒரு மூக்கு,
அலகெல்லாம் சுத்தியல் விழுந்த தழும்பு.
தூக்கினேன், கை தானாய்க் கீழே போனது.
பாரம் முழுக்க முன்னால் நிற்கிறது:
வெட்டில் பாதியை அது பார்த்துக்கொள்ளும்.
நகத்தால் சுண்டினேன்,
நீளமாய் முனகியது. வெடிப்பில்லை.
பிடி மட்டும் ஆம்பிளைக் கைக்குச் செய்தது.
உடைந்த போத்தலால் சுரண்டினால் சரி.

"ரெண்டாயிரத்து முந்நூறு."
"ஆயிரத்து அறுநூறு."
"பிள்ளை, இரும்பு விக்கிற விலை தெரியுமோ?"
"தெரியும் அண்ணை.
மீளக்குடியேறின வருசம்
நாங்கள் பொறுக்கித்தானே வித்தனாங்கள்."

ஆயிரத்து எண்ணூறு என்று
அவராகவே சொன்னார்.

உரப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.
சோதனைச் சாவடியில் ஏறிய பொடியன்
பையை விரித்தான்.
பஸ் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தது.
பெருவிரலால் அலகைத் தடவிவிட்டு
உடைந்த தமிழில் "எவ்வளவு?" என்றான்.
சொன்னேன்.
"எந்தக் கடை?"
அதையும் சொன்னேன்.
போனில் சிங்களத்தில் எழுதிக்கொண்டான்.
அவன் ஊரிலும்
வெட்ட ஏதோ இருக்கும்.
என்னவென்று நான் கேட்கவில்லை.

முத்தையன்கட்டுக் குளத்தடியில்
காய்ந்த வீரைக் கொப்பு ஐந்து வெட்டில் விழுந்தது.
பெலிசியா இளநீர் சீவினாள்,
பாதியைக் கத்தி குடித்தது.
கலைவிழி ஆப்புகளுக்கு முனை வைத்தாள்.
கத்தியின் முதுகால்
அவற்றை நிலத்தில் அறைந்தபோது மட்டும்
ஒருவரும் பேசவில்லை.
துப்புரவாக்கிய நிலம் என்று
பலகை இருக்கிறதுதான்.
என்றாலும் நாலு மூலை,
நாலு தரம்.
கடைசி ஆப்பும் இறங்கியதும்
நிறோஜினிக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு எல்லாருக்கும்.

அடுப்பு மூட்டி, ரின்மீன் உடைத்து,
சட்டி காய்ந்த பிறகுதான் தெரிந்தது
சின்னக் கத்தி ஒருத்தியும் கொண்டுவரவில்லை.

முழங்கை நீளக் காட்டுக்கத்தியை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
ஒரு சின்ன வெங்காயத்துக்கு முன்னால்
குந்தியிருக்கிறேன்.
டோர்ச் பிடித்த நிறோஜினி சொல்கிறாள்:
"ஆறுதலா வெட்டடி,
அது எங்கையும் ஓடாது."